கால் சொல்லும் குலத்தை, இறகு சொல்லும் திருடனை… கோழி ரகசியங்கள் தெரியுமா?

உங்கள் வீட்டுக் கோழியின் காலைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மஞ்சளா? அப்படியென்றால் அதன் உடம்பில் எண்ணற்ற கோழித் தலைமுறைகளுக்கு முந்தைய ஒரு கலப்புத் திருமணத்தின் அடையாளம் இருக்கிறது!

கொல்லையில் கிளறித் திரியும் கோழியை நாம் முட்டைக்காகவும் குழம்புக்காகவும்தான் பார்க்கிறோம். அதன் கால், கொண்டை, காது, நாக்கு எல்லாமே அது எந்த வம்சம் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. அதைவிட வியப்பு, அந்த வம்சத்தைத் தெரிந்துகொண்டால் திருடர்களிடமிருந்து அதை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மஞ்சள் கால் யார் கொடுத்த சீதனம்?

எல்லாக் கோழிகளுக்கும் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழிதான் என்றார் டார்வின். பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்தக் காட்டுக்கோழியின் கால் சாம்பல் பூத்திருக்கும். பிறகு மஞ்சள் எங்கிருந்து வந்தது? 2008-ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுவைத் துருவிப் பார்த்தபோது விடை கிடைத்தது. மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியுடையது! தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத பறவை அது. முதுமலையிலும் ஆனைமலையிலும் விடிகாலையில் கூவிக்கொண்டிருக்கிறதே, அதேதான். அமெரிக்கப் பண்ணையில் நிற்கும் மஞ்சள் கால் கோழிக்கும் நம் பக்கத்துக் காட்டுக்கும் இரத்த பந்தம் உண்டு!

இன்னொன்று தெரியுமா? மஞ்சள் கால் கோழி விடாமல் முட்டையிட்டால் அந்த மஞ்சள் மெல்ல வெளுக்கும். தீவனத்திலிருந்து வரும் மஞ்சள் நிறமி தோலுக்குப் போகாமல் முட்டையின் மஞ்சள் கருவுக்குப் போய்விடுகிறது. முதலில் ஆசனவாய் ஓரம், அடுத்து கண் வளையம், காது மடல், அலகு, கடைசியில் கால் என்று வரிசை மாறாமல் வெளுத்துக்கொண்டு வரும். முட்டை நின்றுவிட்டால் அதே வரிசையில் மஞ்சள் திரும்பும். சந்தையில் நாட்டுக்கோழி வாங்கும் அனுபவசாலி காலைத் தூக்கிப் பார்ப்பது சும்மா இல்லை!

கோழியைக் கூட்டி வந்தது நெல்லா?

காட்டுக்கோழியை மனிதன் வலை வைத்துப் பிடித்துப் பழக்கினான் என்றுதானே நினைக்கிறோம்? 2022-ல் வெளியான ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. மனிதன் நெல்லும் தினையும் விதைக்க ஆரம்பித்தான், சிந்திய மணியைப் பொறுக்கக் காட்டுக்கோழி மரத்தைவிட்டு இறங்கி வந்தது, வந்தது போகவே இல்லை! தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற தொல்லியல் களத்தில் கிடைத்த, சுமார் கி.மு. 1650 முதல் 1250 வரையிலான எலும்புகளே வீட்டுக்கோழிக்கு இதுவரை உறுதியாகக் கிடைத்த மிகப் பழைய சான்று என்கிறது அந்த ஆய்வு.

காதைப் பார்த்து முட்டையின் நிறம் சொல்ல முடியுமா?

முடியும், பெரும்பாலும்! கோழிக்கு ஏது காது என்கிறீர்களா? கண்ணுக்குக் கீழே, தாடிக்கு மேலே ஒட்டினாற்போல் ஒரு சின்ன மடல் இருக்கும். அது வெள்ளையாக இருந்தால் முட்டையும் வெள்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளை லெக்ஹார்ன் கோழியைப் பாருங்கள். நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாகப் போகும் வெள்ளை முட்டை அந்த வம்சத்துடையது. மடல் சிவப்பென்றால் முட்டை பழுப்பாக இருக்கலாம். ரோடு ஐலண்டு ரெட் அதற்கு உதாரணம். விதிக்கு விலக்கும் உண்டு. ஸ்பெயினின் கட்டலோனியாவைச் சேர்ந்த பெனெடெசெங்கா கோழிக்கு மடல் வெள்ளை, முட்டையோ கரும்பழுப்பு!

பழுப்பு முட்டையின் ஓட்டை உடைத்து உட்புறம் பாருங்கள். வெள்ளையாக இருக்கும். ஓடு உருவான பிறகு கடைசி சில மணி நேரத்தில் மேலே ஏறிய நிறம் அது. ஆனால் சிலி நாட்டு அரோகானா கோழியின் நீல முட்டை உள்ளும் புறமும் நீலம். அந்த நீலத்துக்குக் காரணம் என்ன தெரியுமா? எப்போதோ கோழியின் மரபணுவுக்குள் புகுந்து நிரந்தரமாகத் தங்கிவிட்ட ஒரு வைரஸின் துண்டு! 2013-ல்தான் இது தெரியவந்தது.

பள்ளிக்கூடத்து ‘புன்னட் கட்டம்’ கோழிக் கொண்டைக்குக் கடன்பட்டது!

பத்தாம் வகுப்பில் கட்டம் கட்டமாகப் போட்டு மதிப்பெண் வாங்கினோமே, அந்தக் கட்டத்துக்குப் பெயர் கொடுத்த புன்னட்டும் அவருடைய மூத்த சகா பேட்சனும் கோழிக் கொண்டையை வைத்து ஆராய்ந்தவர்கள். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902-ல் பேட்சன் காட்டியது கோழிக் கொண்டையில்தான்.

வரிசையாகப் பல் வைத்து நிமிர்ந்து நிற்பது ஒற்றைக் கொண்டை. தலையோடு படிந்து மூன்று சிறு வரியாகக் கிடப்பது பட்டாணிக் கொண்டை. அகலமாக, மேலெல்லாம் பொரிபொரியாக இருப்பது ரோஜாக் கொண்டை. சரி, பட்டாணிக் கொண்டையையும் ரோஜாக் கொண்டையையும் இணை சேர்த்தால்? இரண்டும் இல்லாமல் வால்நட் பருப்பு மாதிரி மூன்றாவது ஒன்று முளைக்கிறது! இரண்டு மரபணுக்கள் கைகோத்தால் புதிய வடிவம் பிறக்கும் என்று உலகம் அறிந்துகொண்ட தருணம் அது.

‘காகம்’, ‘கீரி’, ‘வல்லூறு’ எல்லாம் இனமா?

இல்லை! நம் ஊர்ச் சேவல் பிரியர்கள் காகம், கீரி, வல்லூறு, செவலை, பேடு என்று அடுக்குவதெல்லாம் நிறத்தையும் இறகின் சாயலையும் வைத்து. ஒரே தாய்க்கோழியின் குஞ்சுகளில் ஒன்று காகமாகவும் இன்னொன்று கீரியாகவும் வரலாம். இனம் பார்க்க நிறத்தை நம்பாதீர்கள். கால், கொண்டை, எலும்புக்கட்டு, நிற்கும் தோரணை… இவைதான் சாட்சி.

நிறம் சொல்லிச் சேவலைக் குறிப்பது நேற்று வந்த பழக்கமும் இல்லை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. வீரனுக்கு அல்ல, சண்டையில் பேர் வாங்கிய ஒரு கோழிக்கு! முகையூர் மேற்சேரியைச் சேர்ந்த கருங்கோழி என்று ஊரும் நிறமும் சேர்த்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமை!

பிராய்லருக்குள் அசில் இரத்தம் ஓடுகிறதா?

நீண்ட கால், நிமிர்ந்த நெஞ்சு, படிந்த பட்டாணிக் கொண்டை, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத தாடி, உடம்போடு ஒட்டிய விறைத்த இறகு. இதுதான் அசில். இந்தச் சண்டைக்கோழியை 19-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோய் தங்கள் நாட்டுச் சண்டைக்கோழிகளோடு கலந்தார்கள். பிறந்தது கார்னிஷ் கோழி. ‘இந்தியன் கேம்’ என்றும் அதற்குப் பெயர். நெஞ்சுக்கறி மிகுந்த அந்தக் கார்னிஷ் வழியில்தான் இன்றைய பிராய்லரின் தகப்பன் வரிசை வந்தது. கறிக்கடைக் கூண்டில் எழுந்து நிற்கவே சோம்பி உட்கார்ந்திருக்கும் அந்த வெள்ளைக் கோழிக்குப் பாட்டன் ஒரு சண்டைச் சேவல்!

கடக்நாத் என்று விற்கிறார்களா? வாயைத் திறக்கச் சொல்லுங்கள்!

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்தது கடக்நாத். அங்கே ‘காலி மாசி’ என்பார்கள். 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிராக்கி ஏறியதும், கறுப்பு இறகு இருந்தாலே கடக்நாத் என்று சொல்லி விற்பவர்களும் வந்துவிட்டார்கள். இறகை விடுங்கள். கொண்டை, தாடி, தோல், கால், நாக்கு, வாயின் உட்புறம் எல்லாம் கறுத்திருக்கிறதா பாருங்கள். எலும்பின் மேல் சவ்வு வரை கறுப்பு ஏறியிருக்கும். ஆனால் முட்டை கறுப்பு இல்லை, இளம் பழுப்பு அல்லது பாலேடு நிறம். ‘கறுப்பு முட்டை’ என்று யாராவது நீட்டினால் நடையைக் கட்டுங்கள்!

மென்பட்டு இறகும் ஐந்து விரலும் கொண்ட சீனத்துச் சில்கி கோழிக்கும் இதே கறுப்பு. இரண்டுக்கும் காரணம் ஒரே மரபணு மாற்றம்தான். பூனை முடி போன்ற முடியுள்ள கோழிகளைச் சீனாவில் கண்டதாக மார்க்கோ போலோ எழுதினார். அவர் சொன்னது சில்கியைத்தான் என்பது பலரின் கணிப்பு.

கழுத்தில் இறகில்லை… நோயா?

பதறாதீர்கள், அது கழுத்தறுத்தான் கோழி! யாரோ பிடுங்கி விட்டதுபோல் கழுத்து மொட்டையாக, சிவந்து கிடக்கும். கிட்டப்போய்ப் பார்த்தால், நெஞ்சுக்கு மேலே சில சமயம் ஒரு சின்ன இறகுக் கொத்து மட்டும் ‘டை’ கட்டியதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கொத்து இருந்தால் அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்திருக்கிறது என்று அர்த்தம். கொத்தே இல்லாமல் வழுவழுவென்றிருந்தால் இருவரிடமிருந்தும் வந்திருக்கிறது. உடம்பில் இறகு குறைவு, அதனால் வெக்கை தாங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கென்றே செய்தது போல!

வம்சம் தெரிந்தால் காவல் தெரியும்!

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். நாட்டுக்கோழி வகையான சிறுவிடை எடை குறைவு. ஆபத்தென்றால் சட்டென்று பறந்து கூரையில் ஏறும், பொழுது சாய்ந்தால் மரக்கிளையில் அடையும். காட்டு மூதாதையின் புத்தி அதற்கு இன்னும் மங்கவில்லை. அடைக்கு உட்காரும், குஞ்சைச் சிறகுக்குள் ஒடுக்கும், பருந்தையே எதிர்த்துப் பாயும். வெள்ளை லெக்ஹார்ன் ஆண்டுக்கு 300 முட்டைக்குமேல் இடும், ஆனால் அடை உட்காரும் குணத்தை அதனிடமிருந்து மனிதன் கழற்றிவிட்டான். வனராஜா, கிரிராஜா போன்ற மேம்படுத்திய இனங்கள் நன்றாக எடை ஏறும், ஆனால் அந்த எடையோடு மரமேறித் தப்ப முடியாது. வெள்ளை இறகோ வானத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தனியாகத் தெரியும்.

ஆகவே சிறுவிடைக்குப் போதுமான காவல் வெள்ளைக் கோழிக்குப் போதாது. எந்த அளவுக்கு அதன் தற்காப்பை நாம் முட்டைக்கும் கறிக்கும் விற்றோமோ, அந்த அளவுக்குக் கூண்டு நம் பொறுப்பு.

வலக்கண் இரைக்கு, இடக்கண் பருந்துக்கு!

கோழி மேயும்போது ஏன் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து வானத்தைப் பார்க்கிறது தெரியுமா? அதன் இரண்டு கண்ணும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன! கல்லுக்கும் மணிக்கும் வித்தியாசம் பார்ப்பது வலக்கண், எதிரியைக் கண்காணிப்பதில் கெட்டிக்காரக் கண் இடது. இந்தப் பாகப்பிரிவினை முட்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பொரிப்பதற்கு முந்தைய நாட்களில் குஞ்சு தலையை மடக்கிப் படுத்திருக்கும்போது வலக்கண் ஓட்டின் பக்கம், இடக்கண் உடம்போடு ஒட்டி. ஓடு வழியே கசியும் வெளிச்சம் வலக்கண்ணில் மட்டும் விழுகிறது. முழு இருட்டில் பொரித்த குஞ்சுகளுக்கு, மணி பொறுக்கிக்கொண்டே பருந்தையும் கவனிக்கத் திண்டாட்டம்தான் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் லெஸ்லி ரோஜர்ஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள்.

நமக்கு நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை, கோழிக்கு நான்கு. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும். ஆனால் இருட்டு விழுந்ததும் எல்லாம் போச்சு! அந்திக்குப் பிறகு கோழிக்குச் சரியாகக் கண் தெரியாது, கை வைத்து எடுத்தாலும் பேசாமல் வரும். திருடர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

சேவல் கத்தலில் இரண்டு பாஷை!

வானத்தில் பருந்து வட்டமிட்டால் சேவல் மெல்லிய, நீண்ட ஒற்றைக் குரல் கொடுக்கும். எங்கிருந்து வருகிறது என்று பருந்தால் எளிதில் கண்டுபிடிக்க முடியாத குரல் அது. மறு நொடி கோழிகள் புதருக்குள் பாயும், குஞ்சுகள் தரையோடு தரையாக அப்பிக்கொள்ளும். தரையில் நாயோ கீரியோ வந்தால் அந்தக் குரல் இல்லை. ‘கொக்… கொக்… கொக்… கொக்கரக்’ என்று ஊரைக் கூட்டும் விட்டுவிட்டு வரும் சத்தம். அதைக் கேட்ட கோழிகள் ஒளியாமல் கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்க்கும். இன்னொரு வேடிக்கை, பக்கத்தில் கோழிகள் இருந்தால்தான் சேவல் பருந்துக்கு அதிகம் எச்சரிக்கை கொடுக்கிறது. தனியே இருக்கும்போது பெரும்பாலும் வாயை மூடிக்கொள்கிறது!

திருடன் விட்டுப்போன கையெழுத்து!

காலையில் கூண்டைத் திறந்தால் எண்ணிக்கை குறைகிறதா? நாயைத் திட்டுவதற்கு முன் தடயத்தைப் படியுங்கள்.

• பட்டப்பகலில் குஞ்சு மட்டும் மாயம், இறகுகூட இல்லை: பருந்து, வல்லூறு, அல்லது காகம்.

• பகலில் கழுத்திலும் தலையிலும் கடிபட்டு, உடல் அங்கேயே கிடக்கிறது: கீரியைச் சந்தேகியுங்கள். கீரி பகல் நேரத்து வேட்டைக்காரன்.

• இரவில் முழுக்கோழி காணோம், வேலிவரை இறகு சிதறல்: காட்டுப்பூனை அல்லது நரி.

• இரவில் கூரை ஓட்டை வழியே புகுந்து ஒன்றுக்கு மேல் கொன்றிருக்கிறது: மரநாய். மரமேறுவதில் சூரன், கூரை சேரும் மரக்கிளைதான் அதன் பாதை.

• பல கோழிகள் குதறப்பட்டு, எதையும் தின்னாமல் கிடக்கின்றன: தெருநாய்கள். பசிக்காக அல்ல, விளையாட்டுக்கு!

• முட்டை மாயம், ஓட்டுத் துண்டுகூட இல்லை: பாம்பு முழுசாக விழுங்கியிருக்கலாம். உடும்பும் சந்தேகப் பட்டியலில் உண்டு. ஓடு குத்துப்பட்டுப் பக்கத்தில் கிடந்தால் காகம்.

• கூண்டின் அடியில் புது வளை, குஞ்சு இழுபட்ட தடம்: பெருச்சாளி.

முட்டையை உடைக்கச் சில கீரி வகைகள் செய்யும் வித்தை தெரியுமா? முட்டைக்கு முதுகைக் காட்டி நின்று, முன்னங்காலால் பின்னங்கால்களுக்கு நடுவே ஓங்கிக் கல்லின் மேல் எறிந்து உடைக்கும்! பாம்புக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. கம்பி இடுக்கில் ஒல்லியாக நுழைந்து குஞ்சை விழுங்கிவிட்டு, வயிறு புடைத்ததால் வந்த வழியே வெளியேற முடியாமல் விடியும்வரை உள்ளேயே கிடந்து மாட்டிக்கொள்ளும்.

கோழி வலை திருடனைத் தடுக்காது!

கடையில் ‘கோழி வலை’ என்று கேட்டு வாங்கும் அறுகோணக் கம்பி வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். திருடன் உள்ளே வராமல் தடுக்காது! நாய் பல்லால் பிய்த்துவிடும், கீரிக் குட்டி கண் வழியே நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) போடுங்கள். அதைத் தரையோடு நிறுத்தாமல், வெளிப்பக்கமாக ஒன்றரை அடி தரையில் விரித்து மண்ணும் கல்லும் போட்டு மூடுங்கள். தோண்டும் பிராணி கூண்டின் ஓரத்தில்தான் தோண்ட ஆரம்பிக்கும், கம்பி தட்டியதும் கைவிட்டுவிடும். பின்னால் தள்ளித் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை!

கூண்டைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்துங்கள். கூரையைத் தொடும் கிளையை வெட்டுங்கள். மேய்ச்சல் இடத்துக்கு மேலே நைலான் வலை கட்டுங்கள், முடியாவிட்டால் ஓடி ஒளியப் புதரும் தென்னங்கீற்றுப் பந்தலும் இருக்கட்டும். குஞ்சு பொரித்த முதல் வாரங்களில் நம் மூங்கில் பஞ்சாரத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். அந்தக் கல் இல்லாவிட்டால் நாய் மூக்காலேயே தள்ளிவிடும்.

சாயங்காலம் மிச்சத் தீவனத்தை அள்ளிவிடுங்கள். சிந்திய தானியத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும், வந்த பாம்பு முட்டையையும் பார்த்துவிட்டுப் போகும்!

விஷம் வைக்கலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள். கீரி, உடும்பு, மரநாய், காட்டுப்பூனை எல்லாம் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கொன்றால் குற்றம். விஷம் தின்று செத்ததைத் தின்னும் பருந்தும் உங்கள் வீட்டு நாயும்கூடச் சாகும்.

கோழிக்காவல் நாய் பென்குயினைக் காப்பாற்றிய கதை!

ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் நகரை ஒட்டி மிடில் ஐலண்டு என்ற குட்டித் தீவு. கடல் வற்றும் நேரத்தில் நரிகள் நடந்தே போய்ப் பென்குயின்களைத் தின்றுவிட, 2005 வாக்கில் பத்துகூட மிஞ்சவில்லை. அந்த ஊரில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர், தன் கோழிகளை நரியிடமிருந்து காப்பது இத்தாலிய மரெம்மா நாய்தான், அதை அங்கே விட்டால் என்ன என்றார். 2006-ல் நாய்கள் தீவுக்குப் போயின. பென்குயின் கூட்டம் நூறைத் தாண்டியது! ஆனால் 2017-ல் கடல் கொந்தளித்து நாய்கள் போக முடியாத நாட்களில் நரிகள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றன. காவல் ஒரு ராத்திரி தவறினால் போதும்!

நாய்க்கு வழியில்லையா? இரண்டு கினிக்கோழி வாங்கி விடுங்கள். புதிய ஆள், புதிய பிராணி, புதிய நிழல் எதைக் கண்டாலும் தெருவே எழுந்திருக்கும்படி கத்தும். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக… நரியைக் கொன்ற கோழிகள்!

பிரான்சின் பிரிட்டனி பகுதி, 2019 மார்ச். ஒரு வேளாண் பள்ளியின் கொட்டகையில் 3,000 கோழிகள். வெளிச்சம் குறைந்ததும் தானாகவே மூடிக்கொள்ளும் கதவு. அன்று சாயங்காலம் ஓர் இளநரி சத்தமில்லாமல் உள்ளே நுழைந்தது, பின்னாலேயே கதவு மூடிக்கொண்டது. மறுநாள் போய்ப் பார்த்த மாணவர்களுக்கு மூலையில் கிடைத்தது நரியின் பிணம். கோழிகள் கூட்டமாகக் கொத்தியே கொன்றிருந்தன!

உங்கள் கொல்லையில் 3,000 கோழி இருக்காது, பத்தோ பதினைந்தோ இருக்கும். அந்தப் பெரும்பான்மை பலம் உங்களுக்கு இல்லை. ஆகவே பொழுது சாய்வதற்குள் கூண்டுக் கதவைச் சாத்துங்கள். சாத்துவதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கணக்கு குறைந்தால் ஒன்று மரத்தில் அடைந்திருக்கிறது, தேடிப் பிடியுங்கள். கணக்கு கூடினால்… கதவைத் திறந்து வைத்துவிட்டு நாலடி தள்ளி நில்லுங்கள்!